தொட்டியில் வழித்த க்ரீம்

என் கை வெடித்துக் கிடந்த நாட்களில், ஒரு மதியம் கம்பெனி சாப்பாட்டு அறையில் தயிர்ச்சோற்றைப் பிசைய விரலை வைத்தேன். ஊறுகாயின் உப்பு வெடிப்புக்குள் இறங்கி உயிர் போயிற்று. ரத்தம் கசிந்ததைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் டப்பாக்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ரோஸி மட்டும் தன் ஸ்பூனால் என் சோற்றைப் பிசைந்து, ஸ்பூனை அதிலேயே விட்டு, டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு தன் சாப்பாட்டை வெறுங்கையால் சாப்பிட்டாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"கழுவிக் குடு. உன் சாமி வந்து கழுவாது" என்றாள்.

மற்றபடி ரோஸியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல அங்கே ஆள் கிடையாது. நானும் அப்போது சொல்லியிருக்க மாட்டேன்.

பொம்மனஹள்ளியில் தோல் வறட்சிக்கு க்ரீம் செய்கிற சின்ன கம்பெனி அது. நான் டியூபில் க்ரீம் நிரப்பி மூடி போடுகிற இடத்தில் இருந்தேன். ரோஸி மிக்ஸிங். தண்ணீரையும் எண்ணெயையும் மெழுகையும் அளந்து, பெரிய எவர்சில்வர் தொட்டியில் சூடாக்கிக் கலக்குவாள். கோலார் தங்கவயல்காரி. அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு அங்கே மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து ரயிலேறி வேலைக்கு வர ஆரம்பித்தவள், அப்புறம் ஜீவனஹள்ளியில் வீடு பார்த்துத் தங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருத்தி கேட்டதற்கு, "உன் புருஷனைப் பார்த்தேன், அதான்" என்றாளாம். அவளுக்குப் பின்னால் எல்லாரும் அவளை ஆசிட் என்றுதான் சொல்வார்கள்.

சோறு பிசைந்து கொடுத்த அதே வாரம், என் கையுறைக்குள் ரத்தம் இருக்கிறது என்று சூப்பர்வைசர் கோவிந்தப்பாவிடம் போய்ச் சொன்னதும் ரோஸிதான்.

கோவிந்தப்பா என்னைக் கூப்பிட்டார். "வேதநாயகி, மாசக் கடைசி திங்கக்கிழமை ஆடிட்டு. எல்லார் கையும் பார்ப்பாங்க. ஆறலேன்னா அப்புறம் நீ வர்றது பேடம்மா, வேணாம்" என்றார், தன் கன்னடம் கலந்த தமிழில்.

வீட்டுக்காரர் போன பிறகு அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது. நான் யாரிடமும் குரலை உயர்த்தியவள் இல்லை. அன்றைக்கு மிக்ஸிங் ரூம் வாசலில் நின்று கத்தினேன்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேக்கா! நீ நல்லா இருப்பியா?"

"நான் எப்போ நல்லா இருந்தேன்?" என்றாள் ரோஸி. "இந்த க்ரீமைப் பொறந்த கொழந்தைக்கும் பூசுவாங்க. அதுல உன் ரத்தம் விழணுமா? கையைக் காட்டு."

காட்டினேன்.

"இன்னா இது வெள்ளையா?"

"திருநீறு. கோயில்ல குடுத்தது."

"எதைப் போட்டுக் கழுவுற?"

"துணி சோப்பு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அப்போது அம்மனுக்கு மாலை போட்டு, சிவப்புச் சேலை கட்டி விரதத்தில் இருந்தேன். குளிக்கிற சோப்பில் மிருகக் கொழுப்பு இருக்கிறது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. துணி சோப்பில் அந்தத் தோஷம் இல்லை என்று நானாக முடிவு செய்து, விளக்கேற்றும் முன்னும் பின்னும் அதைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை ஆகும். எரிய எரிய வெடிப்பில் திருநீற்றை வைத்து அழுத்தினேன். எரிச்சலையும் அம்மனுக்குக் காணிக்கை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

"சாமியாரம்மா, சாம்பல் போட்டு இன்னா கழுவுவாங்க? எண்ணெய்ப் பாத்திரம் கழுவுவாங்க. நீ உன் தோலைப் பாத்திரமாக்கிட்ட. மேல்தோலு அடுக்கடுக்கா இருக்கும். அடுக்குக்கு நடுவுல கொழுப்பு இருக்கும். அதுதான் உள்ள இருக்கிற தண்ணியை வெளிய விடாது, வெளிய இருக்கிற சோப்பை உள்ள விடாது. அதை நீ கழுவி சாக்கடையில ஊத்திட்ட."

"தண்ணியிலயே இருக்கிற கை எப்படிக்கா காயும்?"

"எங்கப்பா சுரங்கத்துல முழங்கால் தண்ணியில நின்னாரு. அவர் காலு தண்ணியிலதான் வெடிச்சுது. கொழுப்பு போச்சுன்னா நீ ஏரியில நின்னாலும் தோலு காயும்."

இப்படித்தான் அவள் பேச்சு. ஒரு வார்த்தைகூட இதமாக வராது. ஆனால் அன்றைக்கு, டியூபில் நான் அடைக்கிற க்ரீமுக்குள் இருப்பதெல்லாம் என்ன என்று முதல்முறையாக எனக்குப் புரிந்தது. அவள் காலடியில் கேன்கள் வரிசையாக இருந்தன. காலாலேயே காட்டினாள்.

"இது கிளிசரின். தண்ணியை இழுத்துப் பிடிக்கும். இதை மட்டும் தனியா தடவினா, நம்மூர் மார்கழிக் காத்துக்கு உன் தோலுக்குள்ள இருக்கிற தண்ணியைத்தான் இழுக்கும், அதையும் காத்து கொண்டு போயிடும். அதுக்குத்தான் இது, பெட்ரோலியம் ஜெல்லி. மேல மூடும். பஸ் ஸ்டாண்டு பூக்காரி இன்னா பண்றா? தண்ணி தெளிச்சு, வாழை இலையைப் போட்டு மூடறா இல்ல? தெளிச்சுட்டு வெயில்ல வெச்சா பூ நிக்குமா?"

"அந்தச் சின்ன டப்பா?"

"அதுதான் நீ கழுவிப்போட்ட கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால். அடுக்குக்கு நடுவுல போய் உக்காரும்."

"கொலஸ்ட்ராலா? அது நெஞ்சை அடைக்கிறதாச்சே?"

"தின்னாதாண்டி அடைக்கும். இதைத் தின்னப் போறியா?"

அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். ஆட்டு ரோமத்துப் பிசுக்கிலிருந்து என்றாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மாலை போட்டிருக்கிறேன், தொட மாட்டேன் என்றேன்.

"ஆட்டை வெட்டல, முடியைத்தான் வெட்டினாங்க" என்றாள். "நீ திருத்தணியில மொட்டை போட்டுட்டு வந்தியே, அப்போ செத்தா போயிட்ட?"

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அன்று முழுவதும் யோசித்தேன். சாயங்காலம் அம்மன் படத்தின் முன் நின்று கேட்டேன். முடி கேட்கிற சாமி நம் சாமி, ஆட்டு முடிக்கு என்ன கோபம் வரப்போகிறது என்று மனசு சொன்னது.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் ரோஸி ஒரு டப்பா கொடுத்தாள். பேட்ச் முடிந்ததும் தொட்டியின் சுவரில் ஒட்டியிருப்பதை வழித்துக் குப்பையில் போடுவார்கள். அதிலிருந்து எடுத்தது. துணி சோப்பை விடு, திருநீற்றை நெற்றியோடு நிறுத்து, கழுவினால் ஒற்றித் துடைத்து ஈரம் காய்வதற்குள் பூசு, படுக்கும்போது பருத்திக் கையுறை போடு. சொன்னதெல்லாம் செய்தேன். முதல் நாளே எரிச்சல் பாதி குறைந்தது. வெடிப்பின் ஓரம் மிருதுவாகி, மெதுவாக மூடத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் கட்டைவிரலில் மட்டும் ஒரு கீறல் பாக்கி.

ஆடிட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை டப்பா காலி. கம்பெனிக்குள் காமிரா இருப்பதால் புதுசையும் பஸ் ஸ்டாப்பிலேயே தருவதாகச் சொல்லியிருந்தாள் ரோஸி. சனிக்கிழமை வேலை முடிந்து கேட்டில் வரிசையாக நின்றோம். பைகளைப் பார்க்கிற லட்சுமம்மா, ரோஸியின் பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தாள்.

"ஏனிது, என்னது இது? கம்பெனி மாலு!"

கோவிந்தப்பா வந்தார். "ரோஸியம்மா, இருபது வருஷம் ஆயித்து நீ இங்க வந்து. உனக்கே ரூல்ஸ் தெரியாதா? யாருக்கு இது?"

"குப்பைக்குப் போறது" என்றாள்.

"குப்பையோ தங்கமோ, கேட்டைத் தாண்டினா திருட்டுதான். யாருக்குன்னு கேட்டேன்."

நான் அவளுக்கு மூன்று ஆள் பின்னால் நின்றிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆடிட் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. அம்மா தாயே, அம்மா தாயே என்று முணுமுணுத்துக்கொண்டே, கைகளைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டேன்.

அவளை அன்றைக்கே வேலையை விட்டு எடுத்தார்கள். "ஆசிட் கொட்டிப்போச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வரிசையே சிரித்தது.

திங்கட்கிழமை ஆடிட்டுக்கு வந்தவர் என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். என் வேலை நிலைத்தது.

மாலையைக் கழற்றிய பிறகு, வாழைப்பழமும், அதுவரை திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அவளுடைய ஸ்பூனும் எடுத்துக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனேன். ரோஸி கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் கை கூப்பினேன்.

"என்னை மன்னிச்சிடுக்கா. அம்மன் மேல சத்தியமா எனக்கு அன்னிக்கு வாயே வரலை."

"அம்மனை எதுக்கு இழுக்கிற? கேட்டுல அம்மனா நின்னுச்சு?"

கூப்பிய என் கைகளைப் பிரித்தாள். உள்ளங்கையைத் திருப்பி, விரலிடுக்குகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், பேட்ச் பதம் பார்க்கிற மாதிரி. பிறகு கையை விட்டுவிட்டு, ஸ்பூனை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"நல்லா ஆறிப்போச்சு" என்றாள். "இந்தக் கையைத் தூக்கி அன்னிக்கு 'எனக்குத்தான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"