வாசலில் நிறுத்திய மாடு

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு ஏழைப் பெண்ணின் கறவை மாட்டைப் பாழாக்கியவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தது இது. தெருவில் பிடிபடும் மாடுகளை அடைக்கும் பவுண்டில் அப்போது நான் கணக்கும் சாவியும் வைத்திருக்கும் கிராணி.

பொதுச் சாலையில் மாட்டை நிறுத்தக் கூடாது என்று ஒரு விதி. வெள்ளைக்காரத் துரைமாரின் குதிரை எங்கே நின்றாலும் கேட்க ஆளில்லை. என்ன நியாயமோ! பால் வாங்கும் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாலில் தண்ணீர் கலப்பார்கள் என்று சந்தேகப்பட்டு, மாட்டை வாசலுக்கே ஓட்டிவரச் சொல்லி, கண்ணெதிரே கறந்த பாலைத்தான் வாங்குவோம்.

ஒரு சனிக்கிழமை காலை, என் வாசலையொட்டிய சாலையோரத்தில் பால்காரம்மா கறக்க உட்காரும்போதே பவுண்டுச் சேவகன் வந்து கயிற்றைப் பிடித்துவிட்டான்.

"ஐயா, நீங்கதானே இங்க நிறுத்தச் சொன்னீங்க? சொல்லுங்கய்யா!" என்று அந்த அம்மா பதறினார்.

சேவகன் சிரித்தான். "ரோட்ல நின்னா மாட்டைப் பிடிக்கணும்னுதான் சட்டம். கிராணியாரைப் பிடிக்கச் சொல்லலையே!"

வேலை போய்விடுமென்ற பயம். செம்பும் கையுமாக மரம்போல நின்றேன்.

கன்று பிடிபடவில்லை. பிடிபடாத பிராணியைப் பவுண்டுக்குள் விடக் கூடாது என்பது இன்னொரு விதி. கன்று முட்டாமல் அந்த மாட்டுக்குப் பால் இறங்காது. மாலையில் பால்காரம்மா கன்றை இழுத்துக்கொண்டு பவுண்டின் கம்பிக் கதவருகே வந்து நின்றார்.

"கன்னையாவது உள்ள விடுங்கய்யா. மடி கட்டிக்கிச்சு, கத்துது பாருங்க."

"நாளைக்கு லீவு, திங்கட்கிழமை வாங்க" என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

திங்களன்று மாட்டை வெளியே விட்டபோது மடி கல்லாக இருந்தது. வலி தாங்காமல் தன் கன்றையே உதைத்துத் தள்ளியது. அதன்பின் அது கறக்கவே இல்லை.

அன்றே என் மேலதிகாரியான துரையிடம் போய், நிறுத்தச் சொன்னவன் நான்தான், தண்டனை எனக்குத்தான் வர வேண்டும், இந்த விதியை மாற்றுங்கள் என்றேன். மாட்டுக்கும் வக்கீல் வந்துவிட்டாரா என்று சிரித்தார். என்னை வேறு ஊரான கிள்ளானுக்கு மாற்றினார்கள். விதியை மாற்றவில்லை.

புறப்படுமுன் பால்காரம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கன்றுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"வலிச்சது எனக்கில்ல, கிராணியாரே. கொட்டாய்ல நிக்குது. அதுகிட்ட போய்க் கேளுங்க."

போனேன். என்னைக் கண்டதும் மாடு மிரண்டு சுவரோடு ஒடுங்கியது. 'விதி அப்படி, நான் என்ன செய்வது' என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது, முதலில் என்மேல்தான்.