இடது முறுக்கு

"மேற்படி பள்ளிப் பிள்ளைகள் தாங்களே நூற்ற நூலில் நெய்த துணி ஒன்றை, வரும் ஆய்வின்போது காட்ட வேண்டியது." பள்ளி ஆய்வாளர் எழுதிய இந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி நவம்பர் 12. வருடத்தின் கடைசி எண்ணைப் பூச்சி தின்றுவிட்டது. 195 வரை உறுதி.

அப்போது திருச்சியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் நூற்பு ஆசிரியர், டெம்ப்ரரி. ஆய்வாளர் திருப்தி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மருங்காபுரிக்குத் திரும்பி அப்பாவோடு கடலைக் கொல்லை.

பிள்ளைகள் தக்ளி என்ற கைக்கதிரைச் சுற்றி நூற்றது நிறைய இருந்தது. அதை நூல் என்று துறை மட்டும் நம்பியது. ஓரிடத்தில் மயிரிழை, அடுத்த இடத்தில் மண்புழு. அதற்கு உபயோகம் தேடியே அந்த ஆண்டு போயிற்று. ஸ்ரீரங்கத்தில் விளக்குத்திரி விற்பவரிடம் கொண்டுபோனேன். "ஸ்வாமி, இதை ஏத்தினா பெருமாள் புகைக்குள்ளதான் சேவை சாதிப்பார். தேர் வடத்துக்குக் கேட்டுப் பாருங்கோ" என்றார். கடைசியில் தலைமை ஆசிரியர் சவரிமுத்து தம் குடையை அதால் கட்டினார். குடை இரண்டு முறை அவிழ்ந்தது.

கடிதம் வந்ததும் உறையூர் நெசவாளர் முத்தையாவிடம் ஓடினேன். அவர் ஒரு இழையை இழுத்தார், அறுந்தது.

"நீளவாக்குப் பாவுக்கு இது நிக்காதுங்க. அதுக்கு நான் நல்ல கதர் நூல் போட்டுக்கறேன். குறுக்கே ஓட்டுற ஊடைக்கு மட்டும் தேறுறதைக் குடுங்க."

தேறியது, நெய்ய நினைத்த தோள்துண்டில் கால்வாசிக்குத்தான் வந்தது. மீதியைப் பத்து நாள் வீட்டில் உட்கார்ந்து நானே நூற்றேன். அந்த நூல் சிட்டங்களில் பிள்ளைகளின் பெயர்ச்சீட்டைக் கட்டினேன்.

ஆய்வுக்கு முதல்நாள் துண்டு வந்தது. வெள்ளையில் வெள்ளையாகப் பட்டைக் கோடுகள்.

"கோடு போடச் சொல்லலையே?"

"நான் எங்கங்க போட்டேன்? வலது முறுக்கும் இடது முறுக்கும் கலந்திருக்கு. வெளிச்சத்துல தனித்தனியாத் தெரியும். உங்க ஸ்கூல்ல இடது கைப் பிள்ளைங்க ஜாஸ்தியோ?"

பிள்ளைகள் எல்லோருக்கும் வலது கை. தக்ளியை எதிர்ப்பக்கம் சுழற்றும் இடது கைக்காரன் அந்தப் பள்ளியில் நான் ஒருவன்தான். நான் நூற்றது எவ்வளவு என்பதைத் துண்டே விரற்கடைக் கணக்கில் அறிவித்தது.

ஆய்வாளர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன சார் கோடு?"

சவரிமுத்து முந்திக்கொண்டார். "டிசைன் சார். பசங்களே யோசிச்சது."

"அப்படியா?" ஆய்வாளர் தக்ளியை என்னிடம் நீட்டினார். "எங்க, நீங்க நூத்துக் காட்டுங்க."

வலது கையால் சுற்றினால் நூல் வராது, வேலை போகும். இடது கையால் சுற்றினால் குட்டு வெளிப்படும்; வேலை போகும். நூலாவது வரட்டும் என்று இடது கையால் சுற்றினேன். அவர் என் நூலை விரலில் உருட்டினார். துண்டின் ஓரத்தில் ஓர் இழையை இழுத்து அதையும் உருட்டினார்; இரண்டும் ஒரே பக்கம் முறுக்கு அவிழ்ந்தன.

"டிசைன்ல முக்கால்வாசி வாத்தியார்தான் இருக்காரு போலிருக்கே."

சவரிமுத்து கூரையை ஆய்வு செய்தார்.

ஆய்வாளர் பதிவேட்டில் எழுதினார்: "மாணவர் நூற்பு மிகச் சிறப்பு. ஆசிரியர் உழைப்பாளி." மேலிடத்தில் காட்ட வேண்டும் என்று துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தை மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: பிள்ளைகளின் வேலையை நீங்களே செய்வதானால், அவர்கள் எந்தக் கையால் செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

அந்தத் துண்டைக் காட்டித்தான் ஆய்வாளர் பதவி உயர்வு வாங்கினார் என்று சவரிமுத்து சொல்லிவந்தார். ஆணையின் நகலை நான் பார்த்ததில்லை. ஆகவே இது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.