துரை பங்களாவுக்கு மேல் வரிசை

எழுதுவதற்கு நான் ஆளில்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிற சுபாவம். இதை வாயால் சொல்ல வரவில்லை என்பதால்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரிங்லெட் என்கிற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை செய்கிறேன். தபால், போட்டோஸ்டாட், பல்பு மாற்றுவது எல்லாம் நான்தான். இணையத்துக்கு இரண்டு சுவிட்சுப் பெட்டிகள் வந்தபோது அதையும் என் தலையில் கட்டினார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, குட்டையான கேபிளால் இணைத்தவை. இரண்டும் ஒரே பெட்டியாக வேலை செய்யும். தொழிற்சாலை, கிளினிக், மேனேஜர் பங்களா எல்லா வயர்களும் அதில் சேர்ந்து, ஒரே லைனில் வெளியே போகும். மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம்.

நெரிசல் வந்தால் எதை முதலில் அனுப்புவது என்று பெட்டிக்குச் சொல்லிவைக்கலாம். பொருத்த வந்த டெக்னீசியன் காட்டிக்கொடுத்தார்.

"பேச்சும் வீடியோ காலும் மேல் வரிசையில. மத்தது கீழ. மேல காலியானாதான் கீழ நகரும், பாத்துப் போடுங்க அங்கிள்."

அவர் போன பிறகு, துரை பங்களாவிலிருந்து வருவது அத்தனையையும் மேல் வரிசையில் போட்டேன். கிளினிக் உட்பட மற்ற எல்லாவற்றையும் கீழே விட்டேன். யாரும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துச் சாலையில் துரையின் ஜீப் வந்தால் கொழுந்து லோரியே வாய்க்கால் ஓரம் ஒதுங்கி நிற்கும். அப்படியே பழகிய கை.

ஒருநாள் காலை பத்தரைக்குக் கிளினிக்கிலிருந்து டிரெஸ்ஸர் ஓடிவந்தார். தோட்டத்தில் மருந்து கொடுப்பவர் அவர்தான்.

"அண்ணே, லைன் என்னாச்சு? ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் வீடியோவுல பேசுறது கேக்குது. நம்மள அவரால பாக்க முடியல லா."

கூடவே போனேன். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர். கால் சுண்டுவிரலில் புண் கறுத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் உடனே வரச் சொல்வதா, மருந்தோடு விடுவதா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். இன்று தவறினால் டாக்டர் வீடியோவில் வரும் அடுத்த முறை ஆறு வாரம் கழித்துத்தான். அந்தக் கால் அதுவரை தாங்காது என்று டிரெஸ்ஸர் என் காதில் சொன்னார். கைபேசிக்கு அந்தப் பள்ளத்தில் லைன் கிடையாது.

திரையில் டாக்டர், தெரியவில்லை என்று கையை ஆட்டினார்.

"நாத்தம் ஈப்போ வரைக்கும் போயிருச்சா தம்பி? மூஞ்சியத் திருப்பிக்கிறாரே," என்று அக்கா சிரித்தார். கை மட்டும் பெஞ்சின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இன்னும் பத்து நிமிசந்தான் இருப்பாராம்," என்றார் டிரெஸ்ஸர்.

ஆபீசுக்கு ஓடினேன். பங்களா வயரின் விளக்கு நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. துரை வீட்டு விருந்தாளிகள் மலையை எடுத்த வீடியோக்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் மேல் வரிசையில். கிளினிக் கீழே நின்றது.

துரையைக் கேட்கலாம் என்று மேசைப் போனை எடுத்தேன். இத்தனை வருடத்தில் நானாக அவரைக் கூப்பிட்டதே இல்லை. வைத்துவிட்டேன். பங்களாவைக் கீழே இறக்கி, கிளினிக்கின் வீடியோ காலை மேலே ஏற்றினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். பிறகு கிளினிக்குக்குப் போன் செய்தேன்.

"இப்ப?"

"தெரியுதாம்! வைங்கண்ணே, வைங்க!"

நாளைக்கே வர வேண்டும், கட்டில் ஒதுக்குகிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கிளினிக்குக்குப் போய், பங்களாவை முன்னால் விட்டது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன்.

"தொரைய முன்னால விடாம வேற யார விடுவ? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். மொகத்தத் தொடச்சுக்க, வேர்த்துக் கொட்டுது," என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோட்டத்து வேன் அக்காவை ஈப்போவுக்கு ஏற்றிப் போனது. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். பங்களாவில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று துரை சொன்னார். நான்தான் மாற்றினேன் என்றேன்.