பாபகூராவில் ஒரு லாகோஸ் காதல்

2017 ஜூலை, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால். ஹில்ஸ்பரோவில் தூறலில் பஸ் ஏறி ஒனிஹங்கா. அங்கிருந்து ரயிலில் பென்ரோஸ். பென்ரோஸில் மாறி, நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் பாபகூரா. காரில் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். மகளின் நீச்சல் வகுப்புக்காக மனைவி காரை எடுத்துப் போயிருந்தாள்.

பென்ரோஸ் நடைமேடையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரிடம் பாபகூரா வண்டி இதுதானா என்று விசாரித்தேன்.

“ஓம், இதுதான். அங்க என்ன அலுவல்?”

படம் பார்க்க என்றேன். தமிழ்ப் படமோ என்றார். நைஜீரியப் படம் என்றதும் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

என்னைக் கூப்பிட்டவள் இஃபியோமா. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடம் என்னோடு வேலை பார்த்தவள். தன் நாட்டுப் படங்களின் டிவிடிகளைக் கொடுப்பாள். ஆரம்பத்தில் ஆசையாகப் பார்த்தேன். பிறகு மாமியார், மந்திரவாதி, அழுகை என்று எல்லாம் ஒன்றுபோலத் தோன்றிச் சலித்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு அறையில், ஒரு படத்தில் தாய் அழுவதை அதே உச்சரிப்போடு நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். இஃபியோமா டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அதன்பின் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. மறு வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் பழைய கூட்டாளிகள் எல்லோருக்கும் அவள் அனுப்பிய இந்தப் படத்துக்கான அழைப்பு எனக்கும் வந்திருந்தது.

ஒன்றே முக்காலுக்கு சர்ச் மண்டபம். சாப்பாட்டோடு பத்து டாலர். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாதியில் கிளம்பலாம் என்றிருந்தேன். அவள் சமையல்கட்டில் இருந்தாள். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

லாகோஸ் நெரிசலில் ஒருத்தி வாடகைக் கார் என்று நினைத்து ஒரு பல் டாக்டரின் காரில் ஏறிவிடுகிறாள். உண்மையைச் சொன்னால் இறங்கிவிடுவாளே என்று அவன் நாள் முழுக்க டிரைவராகவே இருக்கிறான். வழியில் அவன் அம்மாவே கை காட்டி வண்டியை நிறுத்துகிறாள். மண்டபமே திரையைப் பார்த்து “சொல்லிடு” என்று கத்தியது. நானும் கத்தினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இடையில் கிளம்பும் எண்ணம் எங்கே போனதென்று தெரியவில்லை.

படம் முடிந்து நான்கு மணிக்கு ஒரு தட்டில் சோறும் கோழியுமாக இஃபியோமா வந்தாள். அன்றைக்கு அப்படிச் செய்தது தப்பு என்றேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னது ஏறக்குறைய இது:

“படத்தைக் கேலி பண்ணது பரவாயில்ல. ஆனா நீங்க நடிச்சுக் காட்டின அந்த அம்மா பேசுறது எங்க ஊர்ப் பேச்சு. எங்க அம்மாவும் அப்படித்தான் பேசுவாங்க. நீங்க அவங்களையே செஞ்சு காட்டின மாதிரி இருந்துச்சு.”

தட்டை வாங்கிக்கொண்டேன். சாப்பாடு ஆறிவிடும் என்றாள். யாரோ கூப்பிட, போய்விட்டாள். அடுத்த மாதம் குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபோகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

ஆறரைக்கு வீடு சேர்ந்தேன். படம் எப்படி என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதை இஃபியோமாவிடம் சொல்லாமலே வந்திருந்தேன்.