வெட்டாத குளத்தில் ஞாயிற்றுப் பெரட்டு

இலங்கையில் றக்வான பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் ஓடும் கான், ரோட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடித்தளம் எல்லாவற்றையும் யாரோ ஒருவருடைய பாட்டன் வெட்டியிருக்கிறான். குளத்தை மட்டும் யாரும் வெட்டவில்லை. மலைகளுக்கு நடுவே அது தானாகவே கிடந்தது, அக்கரை கண்ணுக்கு எட்டாத அகலத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்கள் அங்கே குளிக்கப் போவார்கள். எஹலியகொடையிலிருந்து வான் பிடித்து வருகிறவர்கள் குளிப்பார்கள், குடிப்பார்கள், போத்தலை அங்கேயே உடைத்துவிட்டும் போவார்கள்.

பரிமளம் கொழுந்து பறிப்பவள். நீந்தத் தெரியாது, அந்தத் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதும் இல்லை. ஆனாலும் 1997இல் மகள் கலைச்செல்வியின் பாதத்தைப் போத்தல் ஓடு கிழித்தபோது, 'ஏதாவது செய்யுங்கள்' என்று ஆபீசுக்கு மனு எழுதியவள் அவள்தான்.

ஆபீஸ் செய்தது. பதினோரு வருடமாக ஒழுகும் லயத்துக் கூரைக்குக் கிடைக்காத வேகம் இதற்குக் கிடைத்தது. குளத்துக்கு இருந்த ஒரே பாதையில் பத்தே நாளில் முள்ளுக்கம்பி, கேட், பூட்டு. மூன்று மொழிகளில் 'உட்பிரவேசம் தடை' என்றொரு பலகை.

"ஒம் புள்ள காலத்தானே குத்திச்சு? இப்ப எல்லாரோட குளத்தையும் புடுங்கிட்டாங்க. சந்தோசமா?" என்றாள் லயத்தில் சுவரொட்டிய அடுத்த காம்பரா ஜெயம்மா. "இனிமே லயத்துப் பீலித் தண்ணியிலயே குளி."

"நான் எப்பவும் பீலியிலதான் குளிக்கிறேன்."

அதுதான் லயத்துக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பரிமளம், தோட்டத்தை நடத்தும் தொரையை மறித்தாள். "தொறந்து விடுங்க தொரை. நான் பாத்துக்கிறேன்."

"எப்படிப் பாக்கிறது? வாறவன் எல்லாம் ஒன்னோட மாமனா, மச்சானா?"

"பெரட்டு எடுப்பேங்க."

விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டைத் தோட்டத்தில் நேசித்தவர் எவருமில்லை. தொரை சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "உள்ளே ஒரு போத்தல் தங்கினாலும் பூட்டுறது."

"யாரு கொண்டாந்ததுன்னாலுமா?"

"யார் கொண்டுவந்தாலும்."

பக்கத்தில் நின்ற செல்லையா கங்காணியை அவள் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்கல்ல?"

தடைப் பலகையைக் கழற்றச் சொல்லி உத்தரவு வரவில்லை. ஆகவே ஞாயிறுதோறும் அதன் கீழேயே வரிசை நின்றது. பேர் சொல்ல வேண்டும், போத்தலைக் காட்ட வேண்டும். அவள் கேட் தூணில் போத்தலுக்கு ஒன்றாகச் சோக்கால் கோடு போடுவாள். திரும்பும்போது கோட்டுக்குக் கோடு போத்தல் வெளியே வர வேண்டும். வான்காரர்களிடம் "நம கியண்ட" என்று சிங்களத்தில் பேர் கேட்டாள்.

"ஆறு நாளு நான் பேரு கூப்புடுறேன். எம் பேரு ஒனக்குத் தெரியாதா?" என்றார் செல்லையா.

"தெரியும். நீங்க சொல்லணும்."

மூன்றாம் மாதம் தொரையே கொழும்பு விருந்தாளிகளோடு படகு கொண்டுவந்தார். தூணில் ஆறு கோடு விழுந்தது. சாயங்காலம் ஐந்து போத்தல்தான் கேட்டுக்கு வந்தது. பரிமளம் அவர்களை உள்ளே வைத்தே கேட்டைப் பூட்டினாள்.

"பரிமளம், இது நான்!"

"தெரியுங்க. நீங்கதான் பூட்டச் சொன்னீங்க."

"நாங்க உள்ளே இருக்கிறோமே!"

"அப்ப தேடுறது லேசுங்க."

கம்பிக்கு வெளியே லயமே கூடிவிட்டது. தொரை ஒரு முறை செல்லையாவைப் பார்த்தார். அன்று சாட்சியாய் நின்ற கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்து, சட்டையோடு முங்கிய ஒரு விருந்தாளி படகுக்கு அடியிலிருந்து, மாணிக்கக் குழியில் கல் கண்டவனைப் போல் போத்தலைத் தூக்கிப் பிடித்தான். ஜெயம்மாதான் முதலில் கைதட்டினாள். பரிமளம் ஆறாவது கோட்டை அழித்துவிட்டுக் கேட்டைத் திறந்தாள்.

அந்தச் சாவி இனித் தன் இடுப்பில் இருக்காது என்றே அவள் நினைத்தாள். அடுத்த ஞாயிறு தொரை படகோடு வந்தார். சாவியைக் கேட்கவில்லை, வரிசையில் நின்று, கேட்கும் முன்பே பேர் சொல்லி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"சரிங்க," என்றாள் பரிமளம். "படகுல என்ன இருக்கு?"