ஏழாயிரம் அடிக்கு ஒரு ஸ்வெட்டர்

என் கணவர் அறந்தாங்கியில் பூகோள வாத்தியார். கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போய்வர, அட்லாஸை விரித்துவைத்துத் திட்டம் போட்டார்.

"ஆயிரம் அடி ஏறுனா ரெண்டு டிகிரி கொறையும். ஐப்பசியில அடைமழை புடிச்சுக்கும். பொரட்டாசி கடைசிச் சனி, ஞாயிறுதான் சரி" என்றார்.

திருமயம் கோட்டையை விட உயரமாக எதிலும் ஏறியிராத நான், எங்கள் இருவருக்கும் ஸ்வெட்டர் பின்னினேன்.

வெள்ளிக்கிழமை பெட்டி அடுக்கும்போதுதான் சொன்னார்: "கடைசிச் சனிக்கு வீட்டுல மாவெளக்குப் போடணும்ல. நீ இருந்து பாத்துக்க. அக்கா எங்கூட வரட்டும்."

மழைக்கும் குளிருக்கும் கணக்குப் போட்ட மனுஷனுக்கு மாவிளக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததாம்.

என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நாத்தனார் போனார். திரும்பி வந்ததும் அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கையெல்லாம் ஒரே இறுக்கம். அளவு பாத்துப் பின்னியிருக்கக் கூடாதா?"