செவ்வாயா, புதனா, வியாழனா

எங்கள் பாடசாலையின் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் என்னுடையது. வரலாறு படிப்பிக்கிறவள் என்பதால் அதிபர் அதை என் தலையில் கட்டிவிட்டார். இன்றைய திகதியில் எந்தப் பெரிய மனிதர்கள் இறந்தார்கள் என்று நான் வாசிக்க வேண்டும். பிறந்த நாள்களை வாசிக்கலாமே என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் பழைய ஆட்களில் பலர் பிறந்த திகதி யாருக்கும் தெரியாது. அரசராகவோ அறிஞராகவோ ஆன பிறகு இறப்பதால் இறந்த திகதியை மட்டும் யாராவது எழுதி வைத்திருப்பார்கள். தடித்த கொப்பி ஒன்றில் நாளுக்கொரு பக்கம் ஒதுக்கிப் பத்து வருடமாகச் சேர்த்தேன். ஒரே பக்கத்தில் ஒரு சுல்தானும் ஒரு வானியலாளரும் ஒரு நாடக நடிகையும் இருப்பார்கள். ஒருவர் இறந்து இருநூறு வருடம் கழித்து மற்றவர் இறந்திருப்பார்.

டிசம்பரில் ஒரு பக்கத்தில் மட்டும் எவரையும் எழுதவில்லை. கடல் ஊருக்குள் வந்த நாள் அது. எங்கள் வாப்பாவும் அன்றைக்குத்தான் போனார். மூன்றாம் நாள் கண்டெடுத்து அடக்கினோம். அந்தத் திகதியை இந்தக் கரையில் யாருக்கும் வாசித்துக் காட்டத் தேவையில்லை.

காக்கா, என் அண்ணன், எனக்கு ஆறு வயது மூத்தவர். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் இருபது வருடமாக வேலை. மாதம் ஒரு முறை பஸ் ஏறி நிந்தவூரில் அவர் மனைவி, என் மதினியின் வீட்டுக்கு வருவார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்கள் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள், தாய் மகளோடு இருப்பாள். அப்படித்தான் உம்மா சாய்ந்தமருதில் என்னோடு இருக்கிறார். வரும்போதெல்லாம் காக்கா இங்கேயும் வந்து உம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்.

கொரோனாவில் பாடசாலையை மூடியதும் அந்த ஐந்து நிமிடத்தை நான் போனில் பேசி மாணவர்களுக்கு அனுப்பத் தொடங்கினேன். காக்காவுக்கும் ஒன்று அனுப்புவேன். ஊருக்கு வர வழியில்லாமல் கடைக்கு மேலிருந்த அறையில் நாலு பேரோடு அடைபட்டிருந்தார் அவர். என் மாணவர்களில் பாதிப் பேர் கேட்டார்களோ என்னவோ, அவர் தவறாமல் கேட்டார். "இண்டைக்கு ராசாக்கள் ஒருத்தரும் சாகல்லயா?" என்று கேட்பார். ஒருநாள், ஒரு நாட்டை உண்டாக்கிய இரண்டு தலைவர்களைப் பற்றிச் சொன்னேன். நண்பர்களாக இருந்து, பகைத்து, வயதான காலத்தில் கடிதம் எழுதிச் சேர்ந்துகொண்டவர்கள். ஒரே வருடம், ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். உடனே காக்கா போன் எடுத்தார்.

"முந்தி மவுத்தானவர்ர செய்தி மத்தவருக்குக் கிடைச்சதா தங்கச்சி?"

"இல்ல காக்கா. முந்திப் போனவர் இன்னும் இருக்கார் எண்டு நினைச்சுத்தான் இவர் கண்ண மூடினாராம்."

"அது நல்லம்" என்றார். "அப்பிடிப் போறது நல்லம்."

அடுத்த வருடத் தொடக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் நின்றுவிட, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஹட்டன் பக்கத்து ஐயா ஒருவரின் போனை வாங்கி ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் என்னோடு கதைத்தார். மூச்சு வாங்கியது. "உம்மாட்டச் சொல்லாத. மதினிட்ட, சோறு திங்கிறன் எண்டு சொல்லு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை முழுவதும் அந்த எண்ணுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வியாழன் மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆள் முடிந்துவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னார்கள். எனக்கு விளங்கிய சிங்களம் அதற்குப் போதுமாக இருந்தது.

அந்த நாள்களில் இந்த நோயில் இறந்த எவரையும் அடக்க விடவில்லை, எரித்தார்கள். முஸ்லிம் ஜனாஸாவென்றாலும் அதுதான். பெட்டி வாங்கித் தர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்று மதினியின் வீட்டுக்குச் சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் வந்து வாசலில் நின்று சொன்னார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். முகத்தை நிமிர்த்தவேயில்லை.

"நான் கையெழுத்துப் போட்டா எரிப்பாங்களா?" என்று மதினி கேட்டார்.

"ஓம்."

"போடாட்டி?"

அவர் கையிலிருந்த படிவத்தை மடித்தார். "போடாட்டியும்தான்" என்றார்.

மதினி கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை எரித்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள். உம்மாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். உடல் இல்லாமல் மதினியின் வீட்டுக்குள்ளேயே ஜனாஸாத் தொழுகை நடத்தினோம். என் புருஷனும் மதினியின் தம்பியும் தொழுதார்கள். வேறு யாரும் வரக்கூடாது என்று சட்டம்.

ஒரு கிழமை கழித்து அந்த ஹட்டன் ஐயா தானே அழைத்தார். அவர் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"டீச்சரம்மா, உங்க அண்ணன் செவ்வாக்கெழம பொழுது சாயுற நேரமே அடங்கிட்டாருன்னுதான் நான் நெனச்சேன். திரை இழுத்து மறச்சாங்க. மறுநாள் காலையில கட்டில் காலியா கெடந்துச்சு. நீங்க அடிச்சீங்க, எனக்கு எடுக்க மனசு வரல. மன்னிச்சிருங்க."

"வேற வாட்டுக்கு மாத்தியிருக்கலாமா ஐயா?"

"மாத்தியிருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா."

மரணச் சான்றிதழில் வியாழன் என்று இருந்தது. ஐயா சொன்னதை மதினியிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் இத்தாவில் இருந்தார். கணவன் மவுத்தான நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம் அது. நாளைச் சரியாக எண்ண வேண்டும் என்று என்னிடம்தான் அடிக்கடி கேட்டார். மறைக்க ஏலாமல் சொல்லிவிட்டேன்.

மௌலவிக்குப் போன் போட்டோம். "உறுதியான நாளில இருந்து எண்ணுங்க" என்றார்.

"உறுதியான நாள் எது மௌலவி?" என்று மதினி கேட்டார்.

"வியாழன வைங்க. பிந்தின நாள் எண்டா பிழை வராது."

கணக்கு அதோடு தீர்ந்தது. மதினிக்குத் தீரவில்லை. போனை வைத்த பிறகு நெடுநேரம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"புதன் முழுக்க நான் தொழுற முசல்லாவ விட்டு எழும்பல்ல. அவருக்கு ஆயுளைக் குடு, ஆயுளைக் குடு எண்டு கேட்டன். மவுத்தான ஆளுக்கா நான் ஆயுளக் கேட்ட?"

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். அது என் தொழில் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. முன்னூறு வருடத்துக்கு முன் எங்கோ ஒரு தீவில் இறந்த கப்பல் தலைவனின் நாளைத் தேடிப் பிடித்தவள் நான்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். ஒருவர் வாட்டைக் கேட்கச் சொன்னார், வாட்டில் பதிவேட்டு அறையைக் கேட்கச் சொன்னார்கள், அங்கே யாரும் எடுக்கவில்லை. பாதைகள் திறந்ததும் நானே கொழும்புக்குப் போனேன். அந்த வாட் அப்போது சாதாரண வாட்டாக மாறியிருந்தது. அன்றைக்குக் கடமையில் இருந்த தாதி ஒருத்தியைப் பிடித்தேன். காக்காவின் படத்தைக் காட்டினேன். நல்ல பெண். நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு முகம் ஒண்டும் ஞாபகம் இல்ல மிஸ்" என்று உடைந்த தமிழில் சொன்னாள். "அந்த நாள்ல நிறையப் பேர் செத்த. எழுதிறதுக்கு நேரம் இல்ல. பிறகு சேர்த்து எழுதின."

சேர்த்து எழுதியது. அவ்வளவுதான். செவ்வாய் இறந்தவரும் புதன் இறந்தவரும் வியாழன் ஒரே வரிசையில் ஏறியிருக்கலாம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் எழுத்தில் கேட்டேன். படுக்கைப் பதிவின் பிரதி வேண்டும், இறந்த சரியான திகதி தெரிய வேண்டும் என்று. எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் பாடசாலையின் சிங்கள ஆசிரியை வாசித்துச் சொன்னார். அவருக்கே சங்கடமாக இருந்தது. கோப்பைத் தேடுவதற்கு இறந்தவரின் சரியான திகதியைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

மூன்று திகதிகளையும் எழுதி மூன்று விண்ணப்பம் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதற்குள் சட்டம் மாறியிருந்தது. ஓட்டமாவடிப் பக்கம் ஒரு நிலத்தில் அடக்கலாம் என்று விட்டார்கள். மதினியின் இத்தா முடிந்த பிறகு அவர் தெருவில் ஒருவர் இறந்தபோது அங்கே கொண்டுபோய் அடக்கினார்கள். தூரம்தான், ஆனாலும் மண். காக்காவுக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையில் சில கிழமைகள்தான். மதினி அந்த வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பாடசாலை திறந்த பிறகு அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி எடுத்தேன். வருடம் திரும்பி அந்தக் கிழமை வந்தது. மூன்று நாளும் வாசித்தேன். பிள்ளைகள் வெயிலில் கால் மாற்றிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் நாள் வாசித்து முடித்து வீட்டுக்கு வந்தபோது உம்மா விழித்திருந்தார். ஆண்டு நினைவுக்குக் கத்தம் ஓதுவதா, எந்த நாளில் ஓதுவது என்று நானும் மதினியும் உம்மாவும் ஒரு முடிவுக்கும் வராமலேயே அந்தக் கிழமை போய்க்கொண்டிருந்தது. உம்மா என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார்.

"அவன் போன நாள்ல வேற ஆரெல்லாம் மவுத்தாகியிருக்காங்க மகள்?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. மூன்று பக்கத்தையும் வாசித்தேன். ஒரு ராணி, ஒரு வைத்தியர், தேசப்படம் வரைந்த ஒருவர், சிறையில் இறந்த கவிஞர் ஒருவர். உம்மா ஒவ்வொருவருக்கும் தலையை அசைத்தார், தெரிந்த வீட்டு ஆட்களைக் கேட்பது போல.

"இவங்க எல்லாருக்கும் கபுறு இருக்கா?"

அவர்களில் ஒருவரை அவர்களது வழக்கப்படி எரித்திருந்தார்கள். கவிஞரை எந்தக் கபுறில் அடக்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை.

"இருக்கு உம்மா."

உம்மா சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழும்பினேன்.

"அப்ப அவன் தனியத்தான்" என்றார்.

நான் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தேன். அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தேன்.